முதுகெலும்பு இல்லாதவை

படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி:
உயிரிக்கு முதுகெலும்பு உண்டா?
இல்லை என்று குறித்தால்
அம்புக்குறி நேரே கையெழுத்துக்குப் போகிறது.
வலி, மயக்கமருந்து, எண்ணிக்கை,
முடிந்தபின் என்ன செய்வீர்கள்,
எல்லாவற்றையும் தாண்டி.
முதல் வருடம்
அம்புக்குறியோடு நானும் போனேன்.

வேதாளை சீனி உதுமான் கொண்டுவந்தார்,
ஈரச்சாக்கு மூடிய வாளிகளில், தென்கடல் தண்ணீரோடு,
பேய்க்கணவாய் ஒன்பது.
"மூடி மேல கல்லு வைங்க மேடம்.
போன தடவ ஒண்ணு வெளிய வந்து
வண்டிப் பெட்டில ஸ்பேனரக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்திருந்துச்சு."
சிரித்தோம்.
கல் வைத்தோம்.

கை நுனியை வெட்டவேண்டும்.
எத்தனை நாளில் வளர்கிறது, நரம்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது
என்று பார்க்கவேண்டும்.
நரம்பு அறுந்து படுத்த மனிதர்களுக்கு
ஒருநாள் உதவலாம்.
அந்த 'லாம்' எவ்வளவு நீளம் என்று
எவரும் அளந்து சொன்னதில்லை.

ஐந்தாம் தொட்டியில் இருந்தது
வெட்டுப்பட்ட கையை வாய்க்குள் வைத்துக்கொண்டது,
தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட விரலை
நாம் வைத்துக்கொள்வோமே, அப்படி.
பதினேழு நிமிடம்.
எழுதினேன்: பதினேழு நிமிடம்.
எதற்காக என்று எழுத
அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

அடுத்த வருடம்
அம்புக்குறி தாண்டிய பக்கங்களையும் நிரப்பினேன்.
ஒன்பதை அடித்து ஐந்து என்று எழுதியதும்
பால்துரை சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"அஞ்சுல ஒண்ணும் தெரியாதும்மா.
தெரியாமலே போனா அந்த அஞ்சும் வீண்.
அதுக்குப் பேரு இரக்கமா?"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்து
ஆறு என்றோம்.
ஆறு என்ற எண் இப்படித்தான் வந்தது,
வேறெந்த வெளிச்சத்திலிருந்தும் அல்ல.

மக்னீசியம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவேண்டும்.
அவசரப்பட்டால் கருத்துச் சுருண்டுவிடும்.
உடம்பு வெளிறி,
பானையின் விளிம்பைப் பிடித்திருக்கும் கடைசி உறிஞ்சி
தானாக விடும்வரை
கத்தியைத் தொடக்கூடாது.
ஒரு நாள் நாற்பது நிமிடம் ஆயிற்று.
கரண்ட் போய், ஜெனரேட்டரும் இருமி நின்றபோது
குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி
காற்றேற்றிக்கொண்டிருந்தோம், நானும் காவலாளி முனியராஜும்,
விடியற்காலை மூன்று மணிவரை.
அவற்றுக்கு இரை உயிர் நண்டு.
நண்டுக்கு
எந்தப் பக்கத்திலும் கேள்வி இல்லை.

உதுமான் ஒருநாள் கேட்டேவிட்டார்:
"இதே கணவாயைப் பெட்டி பெட்டியா ஐஸ் போட்டு
தூத்துக்குடிக்கு அனுப்புறேன்.
நீங்க ஆறுக்கு இம்புட்டுப் பாடுபடுறீங்க."
அது பசிக்கு அண்ணே, என்றேன்.
இது தெரிஞ்சுக்க.
கச்சான் காற்றில் சட்டை படபடக்க
வண்டியை உதைத்தபடியே சொன்னார்:
"தெரிஞ்சுக்கறதும் ஒரு பசிதான் மேடம்.
எங்களுக்காவது வயிறு ரொம்புனா நின்னுரும்."

எட்டாம் வாரம் கை முழுதாக வளர்ந்துவிட்டது.
மெல்லிய, கொஞ்சம் வெளிர்ந்த நுனி.
நகலெடுத்ததுபோல் இருந்தாலும் அதனுடையதுதான்.
அன்று காலை நீலக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு,
தலைமுடியை வேறு மாதிரி கட்டிக்கொண்டு,
இரை மட்டும் போட வந்தவள்போல் மூடியைத் திறந்தேன்.

பானைக்குள்ளிருந்து ஒரு கண்
குறுக்குக் கோடாய் என்னைப் பார்த்தது.
பிறகு, குறி தவறாமல்,
முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது.
முனியராஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.
அவர்மேல் ஒரு சொட்டு இல்லை.

உதட்டில் உப்பு.
குறிப்பேட்டைத் துடைத்துவிட்டு எழுதினேன்:
காலை 6.10. தொட்டி ஐந்து.
நினைவாற்றல் நன்று.